"மறுகா வாங்க மகன்": கம்பஸ் பிள்ளைகளுக்கு ஒரு மாரிக்காலக் கணக்கு

மட்டக்களப்பில் ஒரு வீட்டுப் படலையில் நின்று கூப்பிட்டால், உள்ளே அடுப்படியில் நிற்கிற அம்மா சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் "மறுகா வாங்க மகன்" என்பதாகத்தான் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ படிக்க வந்த பிள்ளை அதை "வராதே" என்று எடுத்துக்கொண்டு அடுத்த படலைக்குப் போய்விடும். மறுகா என்றால் பிறகு. பிறகு வா என்றுதான் அந்த அம்மா சொன்னா. பிறகு போகவேண்டும். மாணவர்கள் நகருக்குள் செய்கிற சேவை வேலைகளில் முக்கால்வாசி இந்தத் திரும்பப் போகிற இடத்தில்தான் அறுந்து விடுகிறது.

வழக்கமான வடிவம் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை காலை கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலையிலிருந்து ஒரு பஸ், ஒரே நிற ரீசேட், ஒரு பேனர், கல்லடிக் கடற்கரையில் இரண்டு மணித்தியாலம், பத்தரைக்குக் குளிர்பானம், குரூப் போட்டோ. இதில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் திகதி எப்படி வந்தது என்று பாருங்கள்: பரீட்சை முடிந்த வாரம், பிரதம விருந்தினருக்கு வசதியான நாள், பஸ் கிடைத்த நாள். நகரத்துக்கு வேறொரு நாட்காட்டி இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் மழை இறங்கும். மார்கழி தையில் ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும், டெங்கு ஏறும். மாசிக்குப் பிறகு காயும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் கார்த்திகை பிறந்தாலே வானத்தைப் பார்ப்பார்கள். மாணவர் சங்கமும் தன் வேலையை அந்தக் கணக்கில் போட்டால் ஒரு மாரி முழுக்கச் செய்ய வேலை இருக்கிறது, அதற்குப் பெரிய காசும் தேவையில்லை.

அதே பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடமும் கல்லடி விபுலானந்தா நிறுவகமும் நகரோடு ஒட்டியிருக்கின்றன. அந்தப் பிள்ளைகளால் கிழமை நாளில் மாலையிலும் வர முடியும். வந்தாறுமூலைக்காரருக்குச் சனி மட்டும்தான். இரு தரப்பும் ஒரே வட்டாரத்தை எடுத்தால் சனியில் பெரிய வேலையும் இடைநாட்களில் பின்தொடர் வேலையும் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் இதே கணக்கை அட்டாளைச்சேனை, நிந்தவூர்ப் பக்கம் போட்டுப் பார்க்கலாம். கடலுக்கு அருகே மணல் நிலம், மழையும் அதே பருவம்தான்.

இடம் பிடிக்கிறது

ஒரு கிராம சேவகர் பிரிவை முழுதாக எடுக்காதீர்கள். கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும், நடந்தால் முடியாது. இரண்டு பேர் கொண்ட ஒரு சோடி ஒரு வீட்டை ஒழுங்காகப் பார்க்க 12 நிமிடம் வேண்டும். நடை, கதை, தேத்தண்ணி எல்லாம் சேர்த்து மூன்று மணித்தியாலத்தில் 12 வீடு. நாற்பது மாணவர் என்றால் இருபது சோடி, 240 வீடு. அவ்வளவுதான் உங்கள் கொள்ளளவு. அந்த 240 வீடும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கவேண்டும். டெங்கு பரப்பும் நுளம்பு பொதுவாக இருநூறு மீற்றருக்குள்தான் பறக்கும். நாலு ஒழுங்கையை முழுதாகப் பார்த்தால் அந்த நாலு ஒழுங்கைக்குள் வித்தியாசம் தெரியும். அதே 240 வீட்டைப் புளியந்தீவில் கொஞ்சம், இருதயபுரத்தில் கொஞ்சம், நொச்சிமுனையில் கொஞ்சம் என்று தூவினால் பக்கத்து வளவு நுளம்பு அன்று மாலையே மதிலைத் தாண்டி வந்துவிடும்.

எந்த ஒழுங்கை என்பதை நீங்கள் முடிவு செய்யவேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். போன மாரியில் நோயாளர் எங்கிருந்து வந்தார்கள் என்பது அவருடைய பதிவில் இருக்கும். பிறகு மண்முனை வடக்கு பிரதேச செயலகத்துக்கும் அந்தப் பிரிவின் கிராம சேவகருக்கும் கடிதம். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் திகதியும் வாங்கி வையுங்கள். வேலைக்கு இரண்டு கிழமைக்கு முன்னே போகவேண்டும். கிராம சேவகர் எந்த நாட்களில் அலுவலகத்தில் இருப்பார் என்பதைக் கேட்டுவிட்டுப் போனால் பூட்டைப் பார்த்துத் திரும்பத் தேவையில்லை. குப்பை ஏற்ற வாகனம் வேண்டுமென்றால் மாநகர சபைக்குத் தனிக் கடிதம். வாகனம் எத்தனை மணிக்கு எந்தச் சந்திக்கு வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். அள்ளிய குப்பை வாகனம் வராமல் சந்தியில் மூன்று நாள் கிடந்தால், அந்த ஒழுங்கைக்கு நீங்கள் செய்த சேவை ஒரு புதுக் குப்பைமேடு.

இத்தனை முத்திரையையும் விடப் பெறுமதியான ஆள் அந்த ஒழுங்கையின் மாதர் சங்கத்து அக்கா. எந்த வளவில் நாய் அவிழ்த்து விட்டிருக்கும், எந்த வீட்டுக்காரர் சுவிஸில் இருக்கிறார், திறப்பு எந்த மாமியிடம் இருக்கிறது எல்லாம் அவவுக்குத் தெரியும். நாலு சோடிக்கு ஊராள் ஒருவர் என்று கூட வரும்படி கேளுங்கள்.

நாள் சனிக்கிழமை, காலை எட்டரையிலிருந்து பதினொன்றரை. வெள்ளிக்கிழமை முஸ்லிம் வீடுகளில் ஜும்மா நேரம். ஞாயிறு காலை கோயிலும் சேர்ச்சும் அறநெறி வகுப்பும். வாவிக்கரை ஒழுங்கைகளில் இரவு முழுக்க வலை போட்டு வந்தவர்கள் காலையில் தூங்குவார்கள். அங்கே படலையை உலுக்காமல் மெதுவாகக் கூப்பிடுங்கள். மற்ற வீடுகளில் அந்த நேரத்தில் பெரும்பாலும் பெண்கள்தான் தனியாக இருப்பார்கள், அதனால் ஒவ்வொரு சோடியிலும் குறைந்தது ஒரு மாணவி வேண்டும். சிங்களம் பேசுகிற மாணவர்களைத் தனிக் குழுவாக ஒதுக்கிக் கடற்கரைக்கு அனுப்புகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அவர்களைத் தமிழ் பேசுகிற ஒருவரோடு சோடியாக்கினால் ஒருவர் கதைப்பார், மற்றவர் தேடுவார், எழுதுவார். இருவருக்கும் வேலை இருக்கும்.

நுளம்பு வேலை: புரட்டாசிக் கடைசியிலேயே தொடங்குங்கள்

மழை பிடித்தபிறகு தொடங்குவது பிந்தியது. டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பு தண்ணீருக்குள் முட்டை போடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டும். அந்த முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்காகக் கிடந்து, மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே வெயிலில் காய்ந்து கிடக்கிற வெறும் பூச்சாடியும் ஒரு கணக்குத்தான். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பு வர ஏறத்தாழ 7 முதல் 10 நாள். நீங்கள் ஏழு நாளுக்குள் திரும்பி வரவேண்டியதற்குக் காரணம் இதுதான்.

சோடிக்கு வேண்டியவை: ஒரு டோர்ச், ஒரு வெள்ளை அகப்பை, ஒரு சொட்டுக்குழாய், மூடியுள்ள சிறு போத்தல் பத்து, மாஸ்கிங் டேப், அட்டையில் கிளிப் போட்ட படிவம், பென்சில். அகப்பை வெள்ளையாகத்தான் இருக்கவேண்டும், நிறப் பாத்திரத்தில் குடம்பி, அதாவது நுளம்பின் புழு, தெரியாது. பேனை வேண்டாம், தூறலில் மை ஊறும். கூரைப் பீலி பார்க்க ஏணி தேடவேண்டாம். செல்ஃபி ஸ்டிக்கில் போனை மாட்டி வீடியோ ஓடவிட்டு உயர்த்தினால் பீலிக்குள் சருகு அடைத்துத் தண்ணீர் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். இத்தனை காலமும் அந்தக் கம்பு செய்த ஒரே நல்ல காரியம் இதுவாக இருக்கலாம்.

வளவுக்குள் போனதும் வலது கைப் பக்கமாகத் தொடங்கி மதிலோடு ஒரு சுற்று வாருங்கள். குறுக்கே நடந்தால் மூலைகள் தப்பும். சிரட்டை, இளநீர்க் கோம்பை, யோகட் கோப்பை, டயர் எல்லாம் பேனரிலேயே இருக்கிறது, ஆட்களும் அதை ஓரளவு எடுத்துவிடுவார்கள். தப்புவது வேறு: கொங்கிறீற் தூணுக்கென்று விட்ட கம்பிக் குழி, மேலே திறந்த மதில் கல், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு, மேசைக் காலுக்கு வைத்த எறும்புக் கிண்ணம், போத்தலில் வளர்கிற மணிபிளாண்ட், பாவிக்காத கழிவறைக் கிண்ணம், தண்ணீர்த் தாங்கியின் விரிசல் மூடி, மூங்கில் வெட்டிய அடிக்கட்டை, தறப்பாள் மடிப்பு. சேமக்காலையில் கல்லறைப் பூச்சாடி, பள்ளிவாசலில் வுழூ எடுக்கிற இடம், கோயில் பின்புறத்தில் கவிழ்க்காமல் விட்ட அண்டா ஆகியவற்றை அந்தந்த நிர்வாக சபையிடம் முதலே சொல்லிவிட்டுப் பாருங்கள்.

வாவியையும் கடலையும் ஒட்டிய ஒழுங்கைகளில் ஒரு விசேஷம் உண்டு. உப்புத் தண்ணீரில் டெங்கு நுளம்பு வராது என்று எல்லோரும் சொல்வார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வு இலங்கைக் கரையோரத்தில் கைவிட்ட மீன்பிடிப் படகுகள், பாவிக்காத கிணறுகள், எறிந்த போத்தல்களில் ஆயிரத்துக்கு 2 முதல் 15 பங்கு வரை உப்புள்ள தண்ணீரிலேயே இதன் குடம்பிகளைக் கண்டது. ஆகவே கரையில் நிமிர்ந்து கிடக்கிற பழைய ஃபைபர் தோணியும் ரெஜிபோம் மீன்பெட்டியும் உங்கள் படிவத்தில் வரவேண்டும். குழாய்த் தண்ணீர் வந்தபின் யாரும் அள்ளாமல் கிடக்கிற கிணறும் வரவேண்டும். தோணியைக் கவிழ்ப்பதற்கு முன் சொந்தக்காரரைக் கேளுங்கள். கவிழ்க்கக்கூடாத நிலையில் இருந்தால் அடிப்பக்கத் தக்கையைக் கழற்றிவிட்டால் போதும்.

அகப்பையில் எடுத்ததும் அரை நிமிடம் ஆட்டாமல் பிடியுங்கள். குடம்பி தண்ணீரின் மேல்மட்டத்துக்குச் சமாந்தரமாகப் படுத்துக் கிடந்தால் அது அனோபிலிஸ் என்கிற வேறு நுளம்பினம். தலைகீழாகச் சரிந்து தொங்கி, மூச்சுக்குழாய் நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் பெரும்பாலும் கியூலெக்ஸ், அழுக்குத் தண்ணீர்க்காரன். மூச்சுக்குழாய் குட்டையாகத் தடித்து, டோர்ச் அடித்ததும் பாம்புபோல நெளிந்து அடிக்கு ஓடினால் ஈடிஸ் என்று சந்தேகியுங்கள். சந்தேகம்தான், தீர்ப்புச் சொல்லவேண்டாம். போத்தலில் எடுத்து, வீட்டு இலக்கமும் பாத்திரத்தின் பெயரும் டேப்பில் எழுதிப் பரிசோதகரிடம் கொடுங்கள். வீட்டு அம்மாவுக்கு அந்தப் போத்தலைக் காட்டுவது பத்துத் துண்டுப்பிரசுரத்துக்குச் சமம். தன் வளவுத் தண்ணீரில் நெளிகிறதைப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள் என்பது முக்கியம். கானுக்குள் ஊற்றினால் குடம்பி கானில் போய் நிற்கும். வெயில்படுகிற காய்ந்த மணலில் ஊற்றுங்கள். பிறகு பாத்திரத்தின் உட்சுவரைத் தும்புப் பிரஷால் உரஞ்சுங்கள். உரஞ்சாமல் கவிழ்த்தால் முட்டை ஒட்டியபடியே இருக்கும். சிரமதானம் முடிந்த மூன்றாம் கிழமையில் அதே வளவில் குடம்பி வருவதற்கு அடிக்கடி காரணம் இந்த உரஞ்சாத வாளிதான். கிணற்றில் கழிவு எண்ணெய் ஊற்றச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், செய்யவேண்டாம். இரசாயனமும் மீன்குஞ்சும் போடுவதைப் பரிசோதகரிடம் விடுங்கள்.

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வளவில் நுளம்பு பெருகவிட்டவர்மீது வழக்குப் போடலாம். அது உங்கள் வேலை இல்லை. ஒரு மாணவர் வாய் தவறி "வழக்கு வரும்" என்று சொன்னால் அந்தச் செய்தி உங்களுக்கு முன்னே ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் போய்விடும். அதன்பிறகு எல்லாப் படலையும் மறுகாதான். பரிசோதகர் கூட வருவது நல்லது. ஆனால் முதல் சுற்றில் அவர் சந்தியில் நிற்கட்டும்.

காய்ச்சலைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் இவ்வளவு சொன்னால் போதும்: பரசிட்டமோல் தவிர வேறு நோவு மாத்திரை கொடுக்கவேண்டாம், இபுபுறுபனும் டைக்ளோபினக்கும் அஸ்பிரினும் இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைக்கவேண்டாம், ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்று நோ, தொடர் வாந்தி, சலம் குறைதல், கைகால் குளிர்தல் என்றால் உடனே வைத்தியசாலை. 2017இல் நாடு முழுக்க 186,101 பேருக்கு டெங்கு வந்தது. பெரிய எண்கள் யாரையும் அசைப்பதில்லை, படலையில் அதைச் சொல்லவேண்டாம்.

மாலையில் கணக்குப் போடுங்கள். பார்த்த வீடு 200, குடம்பி கண்ட வீடு 30 என்றால் வீட்டுச் சுட்டெண் 15 வீதம். குடம்பி இருந்த பாத்திரம் 44 என்றால் நூறு வீட்டுக்கு 22. பூட்டியிருந்த வீட்டைப் "பார்த்த வீடு" என்று சேர்க்காதீர்கள், சுட்டெண் பொய்யாகக் குறையும். பூட்டிய வீட்டுக்குத் தனி நிரல் வேண்டும். யாரும் உரஞ்சாத பாத்திரம் இருப்பதே அங்கேதான். திறப்பு வைத்திருக்கிற மாமியைப் பிடித்து அடுத்த சனிக்கு நேரம் சொல்லிவிட்டு வாருங்கள். ஏழாம் நாள் குடம்பி கண்ட வீடுகளும் பூட்டிய வீடுகளும் மறுகா சொன்ன வீடுகளும் மட்டும். அதற்குப் பத்துச் சோடி போதும். பதினாலாம் நாள் திரும்ப 240 வீடும். 15 வீதம் 5க்குக் கீழே இறங்கியிருந்தால் வேலை நடந்திருக்கிறது. இறங்கவில்லை என்றால் பாத்திரப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே வகைப் பாத்திரம் திரும்பத் திரும்ப வரும், பீலியோ தாங்கி மூடியோ. அடுத்த சனி அந்த ஒன்றை மட்டும் பிடியுங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு கிணறு

மார்கழியில் வெள்ளம் வந்தால் மாணவர்கள் முதலில் செய்வது சமைத்த பார்சலும் உடுப்புச் சேகரிப்பும். பார்சலைக் கோயிலும் பள்ளிவாசலும் ஊரும் உங்களைவிட வேகமாகச் செய்யும். உடுப்பு மூட்டையைப் பிரிக்கவே இரண்டு நாள் போகும். தண்ணீர் வடிந்த மறுநாளிலிருந்து ஆள் இல்லாமல் கிடக்கிற வேலை கிணறு கழுவுவது.

கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி வரை கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற மணல் துண்டில், நிலத்துக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. மோட்டர் போட்டு அடியோடு இறைத்தால் கீழேயிருக்கிற உப்பு மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தபோது கற்ற பாடம் இது: இறைக்க இறைக்க உப்பு குறையாமல் நின்ற கிணறுகள் இருந்தன, மணல் சரிந்து சுவர் உடைந்த கிணறுகளும் இருந்தன. மழை வெள்ளம் கடல் தண்ணீர் அல்ல, ஆனாலும் முறை அதேதான். மெதுவாக, ஒரு தரம், அடிச் சேற்றை எடுக்கிற அளவுக்கு மட்டும். சுற்றிலும் வெள்ளம் நிற்கும்போது இறைக்கவே வேண்டாம். வெளியிலிருக்கிற அழுக்குத் தண்ணீர் மணலூடாக உள்ளே வரும், வளையமும் சரியும்.

பெற்றோல் மோட்டரைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கக்கூடாது. புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது, அதற்கு மணமில்லை, கிணற்றுக்குள் தேங்கி நிற்கும். உள்ளே இறங்கியவரும் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகள் புதிதல்ல. மோட்டர் வெளியே, குழாய் உள்ளே. மாணவர் யாரும் கிணற்றுக்குள் இறங்கவேண்டாம்.

அடி தெளிந்தபிறகு குளோரின். கலங்கல் தண்ணீரில் போட்டால் சேறே குளோரினைத் தின்றுவிடும். முதலில் தண்ணீரின் அளவு: கல் கட்டிய கயிற்றால் ஆழம் பாருங்கள், கிணற்றின் விட்டத்தை அளவுங்கள். விட்டம் 1.5 மீற்றர், தண்ணீர் 2 மீற்றர் என்றால் 3.14 × 0.75 × 0.75 × 2, ஏறக்குறைய 3.5 கன மீற்றர், அதாவது 3,500 லீற்றர். 65 முதல் 70 வீதம் குளோரின் உள்ள கல்சியம் ஹைப்போகுளோரைட்டுப் பொடி என்றால் ஒரு கன மீற்றருக்கு 80 கிராம். ஆக இந்தக் கிணற்றுக்கு 280 கிராம். சுகாதாரப் பணிமனையில் கிடைப்பது 30 முதல் 35 வீதப் பொடி என்றால் அதன் இரட்டிப்பு. பழைய பக்கற்றில் வீரியம் போயிருக்கும், திறந்த திகதி பாருங்கள். எந்தப் பொடி, எவ்வளவு என்பதை ஒவ்வொரு கிணற்றுக்கும் பரிசோதகர் ஒப்புக்கொண்டபின் போடுங்கள்.

பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பொடி. தலைகீழாகச் செய்தால் முகத்தில் தெறிக்கும். உலோக வாளி வேண்டாம். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கையுறையும் கண்ணாடியும் போட்டுக் கலக்குங்கள். அரை மணித்தியாலம் அடங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றின் உட்சுவரோடு வழியவிட்டு ஊற்றுங்கள். அடியில் நிற்கிற சுண்ணாம்பைக் கொட்டவேண்டாம். வாளியைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கிக் கலக்கிவிடுங்கள். ஓர் இரவு முழுக்க யாரும் அள்ளக்கூடாது, சிவப்புத் துணி ஒன்று கட்டிவிட்டு வாருங்கள். மறுநாள் குளோரின் மணம் போகும்வரை மெதுவாக இறைத்து ஊற்றவேண்டும். அதன்பிறகும் அந்தக் கிழமை குடிப்பதற்குக் கொதித்தாறிய தண்ணீர்தான்.

இந்த மறுநாள் வேலையைத்தான் குழுக்கள் மறப்பது. மருந்து போட்டுவிட்டுப் பஸ் ஏறினால், பின்னேரம் அந்த வீட்டு அம்மா குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு வாளி அள்ளுவா. அந்த ஒழுங்கையில் அடுத்த வெள்ளத்துக்கு உங்களுக்கு இடமிருக்காது.

வெள்ளச் சேற்றில் வெறுங்காலோடு நிற்கவேண்டாம். எலிக்காய்ச்சல் காலின் வெடிப்பு, காயம் வழியாகவும் வரும். பூட்ஸ் இல்லாதவர் சேற்றுக்கு வெளியே வேலை செய்யட்டும். தடுப்பு மாத்திரையை ஆஸ்பத்திரியில் கேட்டு எடுங்கள், கடையில் அல்ல.

கரை, கண்ணா, இரத்தம்

கடற்கரை துப்புரவில் ஆர்வக்கோளாறு ஒன்று உண்டு: பிளாஸ்டிக்கோடு சேர்த்து அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் பிடுங்கி "சுத்தமாக்கி" விடுவது. கரை மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்த இரண்டும்தான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பழமொழி சொன்னவர்கள் அதைக் கரையில் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். தங்கூசியும் (நைலோன் தூண்டில் நூல்) வலைத்துண்டும் கொடிக்குள் சிக்கியிருந்தால் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள், இழுக்காதீர்கள்.

அள்ளும்போதே மூன்று உரப்பை: ஒன்றில் தண்ணீர்ப் போத்தல், ஒன்றில் கண்ணாடியும் தகரமும், ஒன்றில் மீதி. பிறகு பிரிக்கலாம் என்றால் யாரும் பிரிக்கமாட்டார்கள். மணலும் தண்ணீரும் உள்ள போத்தலைப் பழைய சாமான்காரர் எடுக்கமாட்டார், மூடியைக் கழற்றிக் கவிழ்த்துவிட்டுப் போடுங்கள். வாவியில் மிதக்கிற ஆற்றுவாழைச் செடியை எடுத்தால், கரையோரத்தில் குவித்துவிட்டு வரவேண்டாம். அடுத்த மழையில் தண்ணீர் ஏறி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். வெள்ளக் கோட்டுக்கு மேலே ஏற்ற லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் கிடைத்தால் மட்டும் அந்த வேலையைத் தொடங்குங்கள்.

கண்ணா மரம், அதாவது கண்டல், நடுவது புகைப்படத்துக்கு மிக நல்லது, மரத்துக்கு அவ்வளவு நல்லதல்ல. சுனாமிக்குப் பிறகு நாட்டில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பிழையான ஆழம், பிழையான இனம், நட்டபின் யாரும் போகாமை. நடத்தான் வேண்டும் என்றால் முன்னே அந்த இடத்தில் கண்ணா இருந்ததா என்று மீனவர் சங்கத்தில் கேளுங்கள். இருந்த இடத்தில் ஏன் இல்லாமல் போனது என்று தெரிந்தபிறகு நடுங்கள். ஆடு மாடு காரணம் என்றால் கன்று வேண்டாம், வேலி போதும், அதுவாகவே வரும். தில்லை மரத்துக் கிளையை ஒடிக்கவேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும்.

இரத்ததானம் பற்றிச் சுருக்கமாக. ஒரே நாளில் இருநூறு பேர் என்று பேனர் அடிப்பதைவிட, மாதம் ஐம்பது பேர் வைத்தியசாலைக்குப் பயன். சிவப்பணு ஐந்து ஆறு கிழமைதான் இருக்கும், குருதிச் சிறுதட்டு ஐந்து நாள்தான். ஒருவர் ஒரு தரம் கொடுத்தால் அடுத்தது நான்கு மாதத்துக்குப் பிறகு. ஆகவே விடுதியை நாலாகப் பிரியுங்கள்: தையில் முதல் கூட்டம், மாசியில் இரண்டாவது, பங்குனியில் மூன்றாவது, சித்திரையில் நான்காவது, வைகாசியில் திரும்ப முதல் கூட்டம். சித்திரைப் புத்தாண்டுக்கு விடுதி காலியாகிவிடும், அதனால் நாலாவது கூட்டத்தில் ஊர்ப்பிள்ளைகளைப் போடுங்கள். வயது 18 ஆகியிருக்கவேண்டும், நிறை 50 கிலோவுக்குக் குறையக்கூடாது, அடையாள அட்டை கையில் வேண்டும். காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுகிறவர்தான் அதிகம். முகாம் வாசலில் இடியப்பமும் தண்ணீரும் வையுங்கள், கொடுத்தபிறகு அல்ல, கொடுப்பதற்கு முன்.

படிவத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. வீட்டு இலக்கம், பார்த்த பாத்திரம், குடம்பி இருந்த பாத்திரம், செய்தது என்ற நிரல்களுக்குப் பிறகு கடைசியாக "மறுகா" என்று ஒரு நிரல் போடுங்கள். அதில் திகதியும் நேரமும், திரும்பப் போகப்போகிற சோடியின் இலக்கமும் வரவேண்டும். அந்த நிரல் வெறுமையாக உள்ள படிவத்தைக் குழுத் தலைவர் கையில் வாங்கக்கூடாது.